வச்சலா போட்ட ஒட்டு

கை சும்மா இருந்தால் வச்சலாவுக்கு உடம்புக்கு ஆகாது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் மிஷின் போட்டிருந்த தையல்கார ராஜாராமின் மகள் அவள். ராஜாராம் பிறந்தது என்னவோ மீன்பிடிக்கிற வீட்டில்தான். ஆனால் கட்டுமரத்தில் காலை வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால், கடலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு ஊசியைப் பிடித்துக்கொண்டவர். மகளையாவது கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருசப்பனுக்குக் கட்டிவைத்தார்.

கல்பாக்கத்தில் அணு உலை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ரோட்டில் லாரியும் ஜீப்பும் பறந்தன. குப்பத்தில் மட்டும் எல்லாம் நேற்று நடந்தபடியே இன்றும் நடந்தது.

வந்த மாதமே வச்சலா தன் வேலையைக் காட்டிவிட்டாள். நெத்திலியைக் காயப்போடச் சொன்னாள் மாமியார் சந்திரம்மா. காயப்போடுவது என்றால் மணலில் வாரி இறைப்பது, அவ்வளவுதான். இவள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, தோகை விரித்த மயில் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். தோகை முடிவதற்குள் காக்காய்கள் கழுத்துவரை தின்றுவிட்டன.

"காயற மீனுக்கு எதுக்குடி மயிலு?" என்றாள் சந்திரம்மா.

"சும்மா எறைச்சா பாக்க நல்லால்லியே அத்த."

"துன்றதுக்கு நல்லாருந்தா போதும். அதையுந்தான் காக்கா துன்னுட்சே!"

அன்றோடு நெத்திலிக்குத் தடை விழுந்தது. அதற்கப்புறம்தான் அவள் கண் இருசப்பனின் பாய்மேல் விழுந்தது.

அந்தக் கட்டுமரத்துப் பாய் இருசப்பனின் அப்பன் காலத்தது. அதன் ஒரு மூலையில் காற்று கிழித்த இடத்திலெல்லாம் கருப்புத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். குப்பத்தில் ஒட்டை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். கடலில் பாய் முளைத்ததுமே, மூலையில் கருப்பு என்றால் இருசப்பன், நடுவில் வெள்ளைப் பட்டை என்றால் அவன் அண்ணன் தேசப்பன் என்று கரையில் நிற்கிற பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் அந்த வீட்டில் உலை ஏறும்.

இது டவுனில் வளர்ந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவுமில்லை. மழைக்குக் கடலுக்குப் போகாமல் கிடந்த நாட்களில், "பாயை நான் தைச்சுத் தரட்டா?" என்று கேட்டாள். இருசப்பன் தலையை ஆட்டினான். பேச்சு என்றால் அவனுக்கு எப்போதுமே தட்டுப்பாடுதான். வச்சலா கோணூசியை எடுத்து, கருப்பு ஒட்டுகளையெல்லாம் பிரித்துப்போட்டாள். அப்பா கொடுத்தனுப்பிய வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, சிவப்பு ரவிக்கைத் துண்டு, காக்கி டவுசர் துண்டு, பூப்போட்ட நைலக்ஸ் என்று சேர்த்து, கிழிசல்கள் எல்லாவற்றையும் மறைத்து ஒரு யானையைத் தைத்தாள். துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது யானை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகைகூட வந்தது, அவ்வளவு சந்தோஷம். கடலில் விரியும்போது பார்க்கட்டும் என்று மாமியாருக்குக்கூடக் காட்டாமல் சுருட்டிவைத்தாள்.

மழை விட்டதும் இருசப்பன் விடிவதற்கு முன்னே கடலுக்குப் போய்விட்டான். இருட்டில் யானையை யாரும் பார்க்கவில்லை. வெயில் ஏறித் திரும்பி வரும்போதுதான் கரையிலிருந்த பெண்கள் பார்த்தார்கள். மூலையில் கருப்பு இல்லை, நடுவில் பட்டை இல்லை, ஏதோ சிவப்பாகப் பெரிதாக வருகிறது. வலை போடுகிற இடத்துக்காகத் தெற்குக் குப்பத்தோடு தகராறு முற்றியிருந்த நேரம் வேறு.

"தெக்கத்தியானுங்க வந்துகினு கீறானுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்னாலேயே கரையேறியிருந்த தேசப்பன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். மொத்தக் குப்பமும் ஓடி வருவதைப் பார்த்த இருசப்பன், யானையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினான். தேசப்பனின் துடுப்பு பாய்மரத்தில் இறங்கி இரண்டாக முறிந்தது.

"டேய்... நீயா?"

"நாந்தாண்ணா. இன்னாத்துக்கு அடிக்கிற?"

இருசப்பன் வீட்டுக்குப் போனால் உலையும் ஏறவில்லை. கருப்பு ஒட்டு வந்ததாக யாரும் சொல்லாததால், மகன் இன்னும் கடலில்தான் இருக்கிறான் என்று சந்திரம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. முறிந்த துடுப்பை நடுவில் போட்டான் தேசப்பன்.

"இன்னிக்கு யானை, நாளிக்கு குதிர. வாரத்துக்கு ஒண்ணு மாத்திகினே இருந்தா எவன் பாயின்னு எப்டி தெரியும்? சொந்தத் தம்பி மண்டையில போட்டிருப்பேன்!"

ஊர்த் தலைவர் அப்பாசாமி யானையை ரொம்ப நேரம் பார்த்தார். "வாலு கொஞ்சம் குட்டையாப் பூட்சி," என்றார். பிறகு நினைவு வந்து தீர்ப்பைச் சொன்னார். "இந்த யானைய இப்ப ஊருக்கே தெரியும். அதனால இதுவே இருசப்பனுக்கு அடையாளம். அது எடத்த வுட்டு நகரக்கூடாது. இனிமே பாய் கிழிஞ்சாத்தான் அந்தப் பொண்ணு ஊசியத் தொடணும். கிழிஞ்ச எடத்துல இன்னா வேணா ஒட்டிக்கட்டும். கிழியலன்னா சும்மா கெடக்கட்டும்."

வச்சலா முதலில் பிழைத்தோம் என்றுதான் நினைத்தாள். நாள் போகப்போகத்தான் தீர்ப்பின் கொடுமை புரிந்தது. பாய் கிழியவே இல்லை. தினமும் இருசப்பன் கரையேறியதும் ஓடிப்போய்ப் பாயைத் தடவிப் பார்ப்பாள். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது. காற்றும் அந்தப் பருவத்தில் சாமியார் மாதிரி சாந்தமாக வீசியது. வெட்டுத்துணி மூட்டை மூலையில் கிடந்தது. குழம்பில் உப்பு மறந்தது, சோறு குழைந்தது, சந்திரம்மாவின் வாய் ஓயவில்லை.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் போட்டபடியே வச்சலா புருஷனிடம் கொட்டிவிட்டாள்.

"எனக்கு மூச்சு முட்டுதுய்யா. எதுனா ஒண்ணு புதுசா கையில உருவாயிகினே இருக்கணும். இல்லன்னா நான் நானாவே இல்ல. அது உனுக்குப் புரியாது."

இருசப்பன் "உம்" என்றான். உப்பில்லாத குழம்பை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான்.

அடுத்த வாரமே பாய் கிழிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, யானையின் தலைக்கு மேலே. வச்சலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த இடத்தில் ஒரு குடையைத் தைத்தாள். யானை குடை பிடித்துக்கொண்டு கடலுக்குப் போவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது. கொஞ்ச நாளில் யானையின் காலடியில் கிழிந்தது. அங்கே ஒரு நண்டு வந்தது. வால் பக்கம் கிழிந்தது. அங்கே கிளி வந்து உட்கார்ந்து வாலின் குறையையும் மறைத்துவிட்டது. குழம்பில் உப்பு சரியாக விழ ஆரம்பித்தது.

"எங்க பாயெல்லாம் கெடக்க, இவன் பாய்க்கு மட்டும் எங்கேர்ந்துடா காத்து வருது?" என்று தேசப்பன் முணுமுணுத்தான்.

அந்தக் கேள்வி வச்சலாவின் மனசில் தைத்தது. அடுத்த கிழிசல் வந்தபோது அவசரப்பட்டு ஊசியை எடுக்காமல் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். தையல்காரன் மகள். காற்று கிழித்தால் கோணலும் மாணலுமாகப் போகும், நூல் தொங்கும். இது அப்பாவின் கத்தரிக்கோல் ஓடினமாதிரி நேராக இருந்தது. கயிறு அறுக்க இருசப்பன் இடுப்பில் செருகியிருக்கிற கத்தியை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"காத்துக்கு யாருய்யா கத்தி குடுத்தது?"

இருசப்பன் வலையைப் பார்த்துக்கொண்டே, "கடல்ல இன்னான்னாவோ நடக்கும்," என்றான்.

"உங்க அப்பன் பாயிய்யா அது!"

"அது கெடக்குது."

திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று வச்சலாவுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவனே வாயைத் திறந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"கொட நல்லாருந்துச்சி. அடுத்து ரயிலு போடு, செங்கல்பட்டு ரயிலு. பெருசா கிழிச்சாறேன்."

ரயில் கடலில் ஓடிய மறுநாள், தேசப்பன் தன் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கிழிஞ்சி பூட்சி. தைச்சுக் குடு," என்றான்.

வச்சலா வாங்கி விரித்தாள். வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் முழ நீளத்துக்குக் கிழிசல். விரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். நேர்கோடு.

"காத்து ரொம்ப பலமா மாமா?"

"பலந்தான்," என்று நடந்தவன், வாசல் தாண்டியதும் திரும்பினான். "ரயில வுட சின்னதா இன்னாத்தயும் போட்டுறாத, ஆமா!"