நெய் மண்டி வாரிசு

இராயபுரம் வட்டாரத்துச் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நெய் மண்டி சௌக்கத் அலியின் மனைவி சாபிரா மூன்றாவது முறையாக முழுகாமல் இருக்கிறாள்! தமுக்கு அடிக்காத குறைதான். மாமியார் காத்தூன் பீவி ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தாள்.

ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்த காலம் அது. மண்டிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சாபிரா தன் கனத்த உடம்போடு மாடியில் வந்து நின்றாலே போதும், சரக்கு சுத்தம் என்று ஊர் நம்பியது. முதல் இரண்டும் தங்காததற்குச் சத்துக் குறைவுதான் காரணம் என்று காத்தூன் பீவி தீர்ப்புச் சொல்லிவிட்டதால், இந்தத் தடவை விடிந்தால் நெய்ச்சோறு, சாய்ந்தால் ஆட்டுக்கால். சாபிராவுக்குக் கால் வீங்கியது, தலைவலி தெறித்தது. அதெல்லாம் ஆண்பிள்ளைக்கு அடையாளமாம்.

"மாமி, புள்ள முன்ன மாதிரி ஒதைக்கல."

"வயிறு ரொம்பித் தூங்குது. நீ இன்னொரு வாய் துன்னு."

தூங்குகிறது என்றுதான் சாபிராவும் நம்பப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்தபடி, வாய் ஓயாமல் மென்றாள்.

ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை அழவில்லை. ஆண்தான். தோல் சுருங்கி, ரேஷன் வரிசையில் நின்றுவிட்டு வந்ததுபோல இருந்தது.

நஞ்சுக்கொடியை வாசலில் புதைத்தால்தான் அடுத்தது தங்கும் என்று, அதை எடுத்துப்போகப் புது நெய் டின்னோடு வந்திருந்த காத்தூன் பீவி, கொடி கிடந்த தட்டை எட்டிப் பார்த்தாள். "கொடி எம்மாம் பெருசா கீது பாரு! நம்ம வூட்டுச் சத்து."

டாக்டரம்மா அதைப் புரட்டிக் காட்டினாள். உறைந்த நெய்போல வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

"பெருசா இருந்து என்னம்மா? பிள்ளைக்கு ஆகாரம் இது வழியாத்தான் போகணும். வழியெல்லாம் அடைச்சிருக்கு. உடம்பு இவ்வளவு கனத்து, ரத்தக் கொதிப்பும் சேர்ந்தா இப்படி ஆகும். பிள்ளை உள்ளே பட்டினி கிடந்திருக்கு."

"பட்டினியா? நெய் மண்டி வூட்லயா? இன்னா டாக்டரம்மா, பேஜாரு பண்ற!"

பேருக்குப் பெரிதாக இருந்து வேலைக்கு உதவாததை, ஊர் அதுவரை கமிட்டிகளில்தான் கண்டிருந்தது.

கொடிக்கு டின் வேண்டியிருந்தது. பிள்ளைக்குச் சௌக்கத் அலியின் தோள்துண்டே போதுமானதாக இருந்தது. பிள்ளையைப் புதைக்க மையவாடிக்கு அவன் நடந்தே போனான்.

கட்டிலில் கிடந்த சாபிரா, தான் விழுங்கிய ஒவ்வொரு கவளத்தையும் நினைத்துக்கொண்டாள். அப்போதெல்லாம் உள்ளே உதைத்தது, 'எனக்கு' என்று கேட்டதுதானோ?

காத்தூன் பீவி கிண்ணத்தை நீட்டினாள். "துன்னு. அடுத்தது தங்கும்."

நெய் மணத்தது. சாபிராவுக்குப் பசித்தது.