அந்தோணியார் ஏலத்தில் ஒரு எருமை

எங்கள் ஊர் அந்தோணியார் திருவிழா ஏலத்தில் ஒரே பூசணிக்காய் மூன்று முறைகூட விற்கும். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, காயை "சாமிக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடியும் ஏலம். எலுமிச்சம்பழத்துக்கும் சேவலுக்கும் இதே கதிதான். பொருளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவனை ஊரே அற்பமாகப் பார்க்கும். விழுப்புரத்தில் பிளம்பர் வேலை பார்க்கும் பிரான்சிஸ் ஆகிய நான்தான் வருடா வருடம் இந்த ஏலத்தை விடுகிறேன். என் தொண்டைக்கு மைக் வேண்டாம் என்பது பங்குச் சாமியாரின் அபிப்பிராயம்.

இந்த வருடம் ஏலத்துக்கு என் மனைவி கலையரசி ஒரு படம் கொடுத்தாள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் அவள். லினோலியம் தகட்டில் உளியால் செதுக்கி, மை தடவி, மேலே காகிதத்தை வைத்து, ஸ்பூனின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்செடுப்பாள். ஏரித் தண்ணீரில் ஒரு எருமை, தலையும் முதுகும் மட்டும் வெளியே. எருமையும் கறுப்பு, தண்ணீரும் கறுப்பு. இருந்தாலும் எது தண்ணீர், எது எருமை என்று பளிச்சென்று தெரியும். எப்படிச் செய்கிறாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மொத்தம் பத்துப் பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் எண் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். போட்டு என்ன? பாண்டிச்சேரிக் கண்காட்சிக்குப் போன படம் போன மாதிரியே திரும்பி வந்தது. சொந்தக்காரர்கள் ஒரு கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு "சூப்பரா இருக்குது" என்பார்கள். ஒன்று எடுத்துக்கொள்ளுங்களேன் என்றால் சுவரில் இடம் இல்லை என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாராவது ஒருத்தர் ஆசப்பட்டு வூட்டுக்கு எடுத்துக்கினு போவணுங்க. அவ்ளோதான்," என்றாள்.

"எங்க ஊரு ஏலத்தப் பத்தித் தெரியாதா கலை? திருப்பிக் குடுத்துடுவாங்க."

"பூசணிக்காயத் திருப்பிக் குடுப்பாங்க. படத்த யாரு குடுப்பாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தபின் மேலே பேச எனக்கு மனசு வரவில்லை.

பூசை முடிந்து ஏலம் தொடங்கியது. சட்டம் போட்ட எருமையைத் தூக்கிப் பிடித்தேன்.

"ஜெராக்ஸாண்ணே?" என்றான் ஒருத்தன்.

"உன் மூஞ்சிதாண்டா ஜெராக்ஸு. இது கையால செதுக்கி அச்செடுத்தது."

லாரி வைத்திருக்கும் ஆனந்தராஜ், என் பெரியப்பா மகன், இரண்டாயிரத்துக்கு எடுத்தார். பெண்கள் பக்கத்தில் கலையரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சாமிக்கே" என்றார். அடுத்து உரக்கடை தென்னரசு எடுத்தார். அவரும் "சாமிக்கே". அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவரவர் வேண்டுதல். ஆனால் கலையரசி செல்போனை எடுத்து வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறையாகத் தூக்கிப் பிடித்தேன்.

"முந்நூறு," என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல். சவுரியம்மாள். நிலக்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கவும் களை எடுக்கவும் போகிறவர். ஏலத்தில் இதுவரை வாயே திறந்ததில்லை. முண்டியடித்து முன்னால் வந்து, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனந்தராஜ் அண்ணன் மறுபடியும் கையைத் தூக்குவது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி மணியை அடித்துவிட்டேன்.

"டேய், மூவாயிரம்னு சொல்ல வந்தேண்டா," என்றார் அண்ணன்.

"மணி அடிச்சாச்சுண்ணே."

சாமியார் இருமினார். அந்தோணியாருக்கு நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். இதையும் எங்கேயாவது தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் வழக்கப்படி ஒரு வார்த்தை கேட்டாக வேண்டுமே.

"சாமிக்கே திருப்பிக் குடுக்கறீங்களா அக்கா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஊரே அவரைப் பார்த்தது. கலையரசியும் பார்த்தாள்.

"எதுக்குக் குடுக்கணும்? துட்டு கட்டறேன் இல்ல," என்றார் சவுரியம்மாள், படத்தை என் கையிலிருந்து வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டு. "வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சவுரியம்மாள் அதைக் கண்டுகொள்ளாமல் பணத்தைக் கட்டிவிட்டு நடந்தார். கலையரசி எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல், அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

மிச்சத்தை ஏலம் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அவள் வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

"எங்க மாட்டினாங்க?"

"அடுப்புக்கு நேரெதிர்ல."

"அது வெறகடுப்பாச்சே. பொகை பட்டா படம் கெட்டுடும்னு நீ சொல்லலியா?"

"சொன்னேன். 'நான்தான் இங்க கெடந்து வேவறேன், அதுவாவது தண்ணில கெடக்கட்டும் டீச்சர், பாத்தா எனக்கும் குளுகுளுன்னு இருக்குது'ன்னாங்க," என்றாள் கலையரசி. "நானே ஆணி அடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேங்க."