ரத்தம் ஏற்றுமுன் சொல்ல வேண்டிய பெயர்

பையனின் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பெயர் தெரியாதபடி அவன் அம்மா பஹீகா பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். நான் அதைப் பிய்த்து எறிந்தேன்.

"கையை உடைச்சிருவேன், மிஸ் இன்ஷிராஹ்!"

"உடைங்க. அப்புறம் ரத்தத்தை யாரு ஏத்துவா, உங்க மாமியாரா?"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாலு வயது மகன் வெளிறிக் கிடந்தான். ரத்தப் பை என் கையில் ஜில்லென்றிருந்தது. பெற்றவள் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். பட்டையோடும் பையோடும் சரிபார்த்து, நர்ஸான நான் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் ரத்தம். போன குளிர்காலத்தில் ஒரு தாய் வெறுமனே தலையாட்டினாள். வேறொரு பையனுக்கான ரத்தம் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளை செத்த ஜன்னலோரக் கட்டிலில் இன்றுவரை எவளும் பிள்ளையைக் கிடத்துவதில்லை.

"பேரைச் சொல்லுங்க, அக்கா."

"ஷஹ்ஹாத்."

"ஷஹ்ஹாத்னா பிச்சைக்காரன். ஊரே அப்படித்தான் கூப்பிடுது, தெரியும். நிஜப் பேரு?"

"முன்னாடி பொறந்த மூணு பிள்ளைங்களுக்கும் அழகழகாத்தான் பேரு வச்சேன், மிஸ். நான் பொறந்த அன்னைக்கே என்னை மாதிரியே பூமிக்குக் கீழ பொறந்த ஆவி ஒருத்தி இருக்கா. பேரு அவ காதுல விழுந்துச்சு, கூப்பிட்டா, மூணையும் கொண்டுபோயிட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லுக்ஸர் நகருக்குத் தெற்கே கரும்பு வெட்டுகிறவர் என் அப்பா. எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. இந்தக் கீழுலகத்துக்காரிக்குப் பயந்து, டாக்டரிடம் காட்டாமலே இரண்டு தம்பிகளைப் புதைத்த வீடு அது.

"பேரால யாரும் சாகல. ரத்தமில்லாம செத்தாங்க. இவனும் சாவான்."

கன்னத்தில் அறைந்தாள். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். பையன் வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்தான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காதுல சொல்றேன். வாசலை மறைச்சு நில்லு, மிஸ்."

வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். வலது காதில் பெயர் விழுந்தது. பட்டையில் அதே பெயர். பையிலும் அதே.

அப்போது இடது காதில் ஒரு மூச்சு பட்டது. ஈர மண் வாடை. அந்தப் பக்கம் யாரும் இல்லை. நான் திரும்பவில்லை.

உரக்கச் சொல்ல வேண்டியது பாக்கி. பஹீகா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் பெயரை அந்த மூச்சுக்குக் கேட்கவிட முடியாது; படித்தவளுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரும் அந்த நேரத்தில் வரவில்லை.

"இன்ஷிராஹ்" என்றேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

குழாயில் ரத்தம் இறங்கத் தொடங்கியது. காதருகே இருந்த மூச்சு நகரவில்லை.