சாவி கொடுக்கும் கை

ஆலயத்துச் சாவி மூன்று தலைமுறையாக அந்த வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. அதனால், மரக்கடை வைத்திருந்தாலும் அவருக்குச் சாவிக்காரர் என்றே பெயர். புதிய போதகர் பதவியேற்கும் நாளில், அவரைத் தேடிக் கொண்டுவந்த குழுவின் தலைவர் ஆலயக் கதவைத் திறந்து, சாவியைப் போதகர் கையில் ஒப்படைப்பது அந்தச் சபையின் வழக்கம். தாத்தா ஒப்படைத்தார். அப்பாவும் ஒப்படைத்தார். அடுத்தது தாம்தான் என்பதில் சாவிக்காரருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பழைய போதகர் ஓய்வுபெற்றுப் போன வாரமே கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

சபைக் கூட்டம் வேறு விதமாக நினைத்தது. போதகரைத் தேடும் குழுவுக்குத் தலைவராக அவருடைய சகலையைத் தேர்ந்தெடுத்தார்கள். மனைவியின் தங்கை புருஷன். மருந்துக்கடைக்காரர். இந்தச் சபைக்கு நேற்று வந்தவர். எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனிதர். சாவிக்காரர் யாரிடமும் வலியப் போய்ச் சிரித்ததில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கமும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்தான் கையைத் தூக்குச்சு. நீ எதுக்குடி தூக்கின?"

"என் தங்கச்சி பக்கத்துல உக்காந்திருக்கா. தூக்காம மடியிலயா வச்சுக்க முடியும்?"

அன்றிலிருந்து சகலையின் ஒவ்வொரு அசைவும் அவர் கண்ணில் மண்ணாக விழுந்தது. சகலை ஆலயத்துக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து இடம் விட்டார்கள். "தலைவரே" என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் சாவிக்காரர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, பாட்டே இல்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காளும் தங்கையும் போனில் பேசினால் அந்த வீட்டில் எதுவும் ரகசியமாகத் தங்காது. தூரத்து ஊர்ச் சிறிய சபை ஒன்றில் நல்ல போதகர் ஒருவர் இருக்கிறாராம். பெண் பார்க்கப் போவதுபோல, அடுத்த ஞாயிறு குழு வேன் பிடித்துப் போய், பின்பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கப் போகிறதாம்.

சாவிக்காரர் அதற்கு முந்தின ஞாயிறே பஸ் ஏறிவிட்டார். மரம் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எந்த மரக்கடைங்க திறந்திருக்கு?" என்றாள் மனைவி. அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பிரசங்கம் மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பார். அது நன்றாக இருந்தது. குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அந்த மனிதர் பேசினார். கேட்கக் கேட்க சாவிக்காரருக்கு வயிறு எரிந்தது. இப்பேர்ப்பட்டவரைக் கொண்டுவந்தது அந்தச் சகலை என்றல்லவா ஊர் சொல்லும்!

ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று விசாரித்தார். ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப எங்களுக்கு எழுதியிருந்த குழுவோட பெரியவர் நீங்கதானாய்யா?"

சாவிக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எங்க குடும்பம்தான் மூணு தலைமுறையா சாவி வச்சிருக்கு" என்றார்.

வீட்டுக்கு அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தார்கள். போதகரின் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எனக்கு இளைப்பு உண்டுங்கய்யா. ஈரம் ஆகாது. நீங்க குடுக்கிற வீடு எப்படி?"

சபை போதகருக்குக் கொடுக்கும் வீட்டை அப்பா முன்னே நின்று கட்டினார். எந்த மழைக்கும் ஒரு சுவர் கசிந்ததில்லை.

"மழைக்காலத்துல கொஞ்சம் ஈரந்தாம்மா" என்றார் சாவிக்காரர்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் சகலை அவர் வீட்டுக்கு வந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"வரலைன்னுட்டாருண்ணே. வீட்டம்மாவுக்கு ஈரம் ஆகாதாம். 'உங்க பெரியவர் போன வாரமே வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார், ரொம்ப நேர்மையான மனுஷன்'னு உங்க அடையாளத்தைச் சொன்னாரு. மத்தவங்க வேன்ல ஏறிட்டாங்க. நான் மட்டுந்தான் கேட்டேன்."

சாவிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. சொல்லவும் மாட்டேன்" என்று எழுந்து போனார் சகலை.

சட்டையைப் பிடித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பெருந்தன்மைக்கு என்ன பதில்? அதிலும் அவனே முந்திக்கொண்டான். இனி இந்த வீட்டு மானம் அவன் சட்டைப்பையில் கிடக்கும். அவன் நினைத்தால் எடுப்பான், நினைத்தால் வைப்பான். அப்படி வாழ்வதற்கு நாலு பேர் முன் தலை குனிவது மேல் என்று தோன்றியது அவருக்கு.

மறுநாளே போய், வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று போதகரையும் அவர் மனைவியையும் கையோடு அழைத்துவந்தார். சபை வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். அந்த அம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ஞ்சுதானேங்கய்யா இருக்கு?"

"மழையிலயும் இப்படித்தாம்மா இருக்கும். அன்னைக்கு நான் சொன்னது பொய். நான் குழுவுலயே கிடையாது. என் சகலைதான் தலைவர். உங்களை அவர் கண்டுபிடிச்சது எனக்குப் பொறுக்கல."

போதகரின் மனைவிதான் முதலில் சிரித்தார். "எங்க அக்கா வீட்டுக்காரர் இதுவரைக்கும் இவர் பிரசங்கத்தைக் கேட்க ஒரு தடவை வந்ததில்லைங்கய்யா. சகலைங்கன்னா எல்லா ஊர்லயும் இப்படித்தான் போல."

வருவதாக ஒப்புக்கொண்டார்கள். சாவிக்காரர் தாமே குழுவின் முன் நின்று நடந்ததைச் சொன்னார். முடிந்ததும் சகலை அவரைத் தனியே அழைத்து, "சாவியை நீங்களே குடுத்திருங்கண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"அவனுக்கு ஒண்ணுமில்லையாம்! எனக்கு அதுதானே எல்லாம்!" என்று வீட்டில் வந்து குமுறினாரே தவிர, அங்கே ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வழக்கம்னா வழக்கம். தலைவர்தான் குடுக்கணும்."

ஆலயப் பூட்டு பழைய பூட்டு. அவர் கைக்கே ஒவ்வொரு ஞாயிறும் முரண்டு பிடிக்கும். சபைக்கு முன்னால் அது சிக்கிக்கொண்டால் சாவிக்காரர் குடும்பம் பூட்டைப் பார்த்த லட்சணம் இதுதானா என்பார்கள். பதவியேற்பு நாள் காலையில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய், பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி இளக்கினார். சகலை வந்ததும் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு முதல் வரிசையில் நின்றுகொண்டார்.

சகலை சாவியைப் போட்டார். பூட்டு முனகக்கூட இல்லை. ஒரே திருப்பில் கதவு திறந்தது.

"என்ன இருந்தாலும் மருந்துக்கடைக்காரருக்குக் கைராசிப்பா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பழைய ஆள் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு நேரம் மல்லுக்கு நிப்பாரு!"

சாவிக்காரர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மனைவி அவருடைய கோட்டுக் கையில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். முதுகை மட்டும் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.