கதவுக்குப் போட்ட எண்ணெய்

முன்னறையில் கிடத்தியிருந்த அப்பாவின் உடலருகே, தலைமாட்டில் அம்மா. சுவரோர பெஞ்சில், எண்ணெய் இறக்குமதி செய்யும் வியாபாரி. வாசற்கதவை ஒட்டி, முக்காலியில் மாமா. கடைசியாக வந்த சுங்க அதிகாரிக்கு உட்கார இடமில்லை. மகள் அப்பாவின் நாற்காலியையே இழுத்துப் போட்டாள். வருடக்கணக்காக அப்பாவோடு வழக்காடியவர் அதில் உட்காரத் தயங்கினார்; பிறகு நுனியில் உட்கார்ந்தார்.

அந்த முன்னறைதான் சுங்க வழக்குகள் நடத்திய அப்பாவின் அலுவலகம். மகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். வியாபாரியின் சரக்கு டீசல் என்றது சுங்கத்துறை. இயந்திரங்களுக்கு மசகு எண்ணெய் தயாரிக்கும் மூல எண்ணெய் என்றார் அப்பா. டீசல் என்று முடிவானால் சரக்கு முழுவதும் பறிமுதல். மறுபரிசோதனைக்கென்று முத்திரை வைத்த சாம்பிள் பாட்டில் அலமாரியில் இருந்தது. இப்போது அதன் மூடி திறந்து கிடந்தது.

"இதை யார் தொட்டது?" மகள் கேட்டாள்.

"நான்தாம்மா," என்றார் மாமா. "காலையில இருந்து கதவு கிரீச்சு கிரீச்சுன்னு... அக்கா ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பாக்குறா. எண்ணெய்னு எழுதியிருந்துச்சு, கீலுக்கு ரெண்டு சொட்டு விட்டேன்."

வியாபாரி தலையில் கைவைத்தார். "முத்திரை உடைஞ்சதை எந்த லேப்புல வாங்குவான்? போச்சு, என் சரக்கும் அவரோடயே போச்சு."

அதிகாரி எழுந்து கதவைத் திறந்தார், மூடினார். சத்தமில்லை. கீலைத் தொட்டு, விரல்களைத் தேய்த்து முகர்ந்தார். அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார்.

"மனுசன் இருந்திருந்தா, இது டீசல் இல்லன்னு இந்தக் கதவையே சாட்சிக்குக் கூப்பிட்டு என் உயிரை வாங்கியிருப்பார்," என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி மகளிடம் திரும்பினார். "இதே சரக்குல எடுத்த ஜோடி பாட்டில் எங்ககிட்ட சீல் உடையாம இருக்கும்மா. அதை வெளி லேப்புக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கேளு. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அப்ப லெட்டரை நீங்களே கையோட கொண்டு போயிடுங்க சார்," என்றார் வியாபாரி.

"எதிராளி கையில குடுக்கலாமா? அவர் குடுத்ததே இல்ல. தபால்ல வரட்டும், இன்னைக்குத் தேதி முத்திரை விழுந்தா போதும். டீசல்னு வந்தா விடமாட்டேன், அதையும் சொல்லிட்டேன்."

"பின்ன ஏன் சார் வழி சொல்றீங்க?" மகள் கேட்டாள்.

அவர் அப்பாவின் பக்கம் பார்த்தார். "இவர் கேக்கிற கேள்விக்குப் பயந்துதாம்மா நான் படிச்சதே. எனக்குத் தெரிஞ்ச பாதி இவர் குடுத்தது."

மகள் எழுதினாள். அப்பா எல்லாக் கடிதத்திலும் எழுதும் கடைசி வரி, 'தங்கள் பொறுமைக்கு நன்றி.' அதை மட்டும் நிதானமாக எழுதினாள். வியாபாரி கையெழுத்துப் போட்டார். உறையின் வாயை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, மாமாவிடம் நீட்டினாள்.

"பதிவுத் தபால், மாமா."

மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். கதவு திறந்தது, மூடியது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.