ஏழு கல்லறைகளும் ஒரு திருத்தமும்

மார்ச் 6, வியாழன். இன்று ஒரு சின்னத் தப்பு. பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு அந்திக்கோட்டைக்குள் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். அந்த அவசரத்தில் வகுப்புக்கு வரைந்த வீட்டில் சமையலறைக்குக் கதவு வைக்க மறந்துவிட்டேன். "உள்ளே இருக்கிறவங்க எப்படி வெளியே வருவாங்க?" என்று ஆசிரியர் கேட்டார். ரப்பரை எடுத்துச் சுவரில் ஒரு கதவளவுக்கு அழித்தேன்.

இதை எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டுத்தான் அவள் பேனாவை மூடினாள். எதையும் அப்படித்தான் செய்வாள். பகலில் மருந்துக் கிடங்கில் வேலை, மாலையில் கட்டட வரைபட வகுப்பு; இரண்டுக்கும் நடுவே, தான் செய்தது சரியா என்ற கவலை. அந்திக்கோட்டை என்ற இணைய விளையாட்டில் அவளுக்குப் பெயர் பென்சில்.

வகுப்பில் சேர்ந்த கையோடு விளையாட்டை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. திரும்ப இழுத்து வந்தது மாமா. அம்மாவின் தம்பி, பல் செட் செய்கிறவர். அந்திக்கோட்டையில் அவர் வில்வீரன், எந்தச் சண்டையிலும் முதல் ஆளாகச் செத்துப்போவார்.

"விளக்குக் கதவைத் திறக்கப் போறோம். உன் குறிப்பை வச்சுத்தான். நீ இல்லாம எப்படி?" என்றார்.

பூட்டிய அந்தக் கதவின் முன்னால் ஏழு விளக்குகள் இருந்தன. ஏழு மன்னர்களுக்கு ஏழு. அவர்கள் ஆண்ட வரிசையில் ஏற்றினால் கதவு திறக்கும். ஒரு குழுவுக்கு ஒரே வாய்ப்பு. தப்பாக ஏற்றினால் குழுவின் மாளிகை எரிந்துபோகும். பதினாலு பேர் ஆறு வருஷமாகக் கல் சுமந்து கட்டிய மாளிகை அது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஏற்றுவதாக முடிவாகியிருந்தது. மன்னர்களின் வரலாற்றை நாற்பத்திரண்டு பக்கத்தில் எழுதி வைத்தவள் பென்சில்தான். அவள் இல்லாத மூன்று வருஷத்தில் அந்தக் குறிப்பு குழுவுக்கு வேதமாகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடங்கில் வழக்கம்போலப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மருந்து கெட்டுப்போக இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதுதான் சீட்டில் இருக்கும் எண். அன்று காலை வந்த பெட்டிக்கு இருபத்திரண்டு. போன வருஷத்துப் பெட்டிக்கு மூன்று. மூன்றை முன்வரிசைக்குத் தள்ளினாள். தள்ளிய கை அப்படியே நின்றது.

அந்திக்கோட்டையின் கல்லறைக் கற்களில் மன்னன் முடிசூடிய ஆண்டு இருக்கும். தகப்பனுக்கு இருநூற்றுப் பத்து, மகனுக்கு நூற்று எண்பது. தகப்பனுக்கு முன்னால் மகன் எப்படி அரியணை ஏறுவான்? விளையாட்டை எழுதியவர்கள் தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று குறிப்பு எழுதிய நாளில் அவள் முடிவு கட்டியிருந்தாள். அதோடு விட்டாளா? தகப்பனை மகனாக்கி, மகனைத் தகப்பனாக்கி, "திருத்தப்பட்டது" என்று பக்கவாட்டில் குறிப்பும் எழுதியிருந்தாள்.

அந்த நாட்டுக்காரர்கள் ஆண்டைப் பின்னோக்கி எண்ணியிருந்தால்? இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று?

வகுப்பு முடிந்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அதாவது, அவர் அறையில் அவர் கணினி, அவள் அறையில் அவள் கணினி, நடுவில் ஒரு சுவர். முன்பு மற்ற கற்களில் எண்ணை மட்டும் பார்த்துச் சின்னதிலிருந்து வரிசைப்படுத்தியிருந்தாள்; இப்போது ஏழு கல்லையும் முழுசாகப் படித்தார்கள். ஏழிலும் அதே கதை. எல்லா மகனும் தகப்பனைவிடச் சின்ன எண்.

"ஒரு கல்லுல தப்புன்னா தூக்கக் கலக்கம்னு சொல்லலாம்," என்றார் மாமா. "ஏழு கல்லுலயும் ஒரே தப்பைப் பண்ண ரொம்ப முழிச்சிருக்கணும்."

"இப்ப என்ன மாமா பண்றது?"

"குழுல எல்லார்கிட்டயும் சொல்லு."

"இதுவும் தப்பா இருந்தா?"

"அப்ப நானும் உன்கூடச் சேர்ந்து திட்டு வாங்குறேன். எனக்குப் பழக்கம்தான்."

அவள் நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதிப் பார்த்தாள். சொல்வதற்கான காரணம்: ஏழு கற்கள். சொல்லாமல் இருப்பதற்கான காரணம்: ஏற்கெனவே ஒரு தடவை தப்பு செய்தவள் நான். இரண்டு பத்தியும் அவளுக்குச் சம எடையாகவே தெரிந்தன.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பதினாலு பேரும் கதவின் முன்னால் கூடினார்கள். குழுத் தலைவி பேருந்து ஓட்டுகிறவர். இதற்காகவே வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பென்சில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தீப்பந்தத்தோடு முதல் விளக்கை நெருங்கினார்.

"அக்கா, ஒரு நிமிஷம். குறிப்பு தப்பு."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். வரிசையே தலைகீழ்."

காதில் மாட்டிய கருவியில் யாரோ பிஸ்கட் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"பென்சில், நான் தினம் அறுபது பேரை ஏத்திட்டுப் போறவ," என்றார் தலைவி. "வழி தப்புன்னு பாதியில சொன்னா எனக்குக் கோபம் வராது. போய்ச் சேர்ந்தப்புறம் சொன்னாத்தான் வரும். விளக்கமாச் சொல்லு."

அவள் சொன்னாள். ஆண்டைப் பின்னோக்கி எண்ணியிருக்கிறார்கள், பெரிய எண்தான் மூத்த மன்னன் என்று. "கல்லு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் திருத்திட்டேன்."

"கல்லையே திருத்தினியா?"

"ஆமாக்கா."

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இப்ப சொல்றது எவ்வளவு உறுதி?" என்றார் தலைவி.

"எழுபது சதவீதம்."

"பழைய குறிப்பு எழுதினப்ப எவ்வளவு உறுதின்னு சொன்னா இவ?"

"நூறு," என்றார் மாமா. "அடிக்கோடு போட்டு."

"அப்ப இந்த எழுபதே போதும். எண்ணைச் சொல்லிட்டே வா, நான் ஏத்துறேன்."

பெரிய எண்ணிலிருந்து தொடங்கினாள். இருநூற்றுப் பத்து. நூற்று எண்பது. நான்காவது விளக்கு பிடிக்கச் சற்றுத் தாமதமானது. அதற்குள் அவள் மாளிகை எரிவதையும், தான் மன்னிப்புக் கேட்பதையும், மற்ற பதிமூணு பேரும் வெளியேறுவதையும் மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டாள். விளக்கு பற்றிக்கொண்டது. ஏழாவதும் எரிந்தது. கதவு கரகரவென்று நகர்ந்தது.

உள்ளே புதையல் இல்லை. ஒரு நாற்காலியில் எட்டாவது மன்னன் உட்கார்ந்திருந்தான். ஆண்டு எண்ணி எண்ணிப் பூஜ்யத்துக்கு வந்ததும், உலகம் முடியப்போகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டவன். தலையைத் தூக்கி, "முடிந்துவிட்டதா?" என்று கேட்டான்.

திரையில் இரண்டு பதில்கள் வந்தன. ஆம். இல்லை.

"நீ அழுத்து, பென்சில்," என்றார் தலைவி.

அவள் இரண்டையும் இரண்டு தடவை படித்துவிட்டு, "இல்லை"யை அழுத்தினாள். மன்னன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

"இவ்வளவுதானா?" என்றார் மாமா. "இதுக்கா ஆறு வருஷம் கல்லு சுமந்தோம்?"

"மாளிகை நிக்குதுல்ல, பேசாம இரு," என்றார் தலைவி.

மார்ச் 8, சனி. மாளிகை எரியவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நாளை காலை: குறிப்பின் முதல் பக்கத்தின் மேலே, "மன்னர்களின் வரிசை தவறு, தவறு என்னுடையது" என்று எழுத வேண்டும். அதன் பிறகு ஒன்று முதல் பத்து வரையுள்ள பக்கங்களைக் கற்களோடு ஒப்பிட்டு, கல்லில் உள்ளதை உள்ளபடி திரும்ப எழுத வேண்டும்.