ஞாயிறு வரை விருந்தாளி

திண்டிவனத்தில் கன்னியர் நடத்திய பெண்கள் பயிற்சிப் பள்ளியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், புதுப்பிள்ளைகளை முதல் வாரம் பழக்கி எடுக்கிற வேலை இருதயமேரியிடம் வந்து சேர்ந்தது. அவள் இரண்டாம் வருஷத்துப் பிள்ளை. எவளுக்குப் பாட்டுக் குழு, எவளுக்குத் தோட்டம், எவளுக்குச் சமையற்கட்டு என்று பிரித்துவிடுவதும், அழுகிறவளைச் சமாதானம் பண்ணுவதும் அவள் பொறுப்பு. போன வருஷம் முதல் வாரத்திலேயே மூன்று பேர் ஊருக்கு ஓடிப்போனார்கள். இந்த வருஷம் ஒருத்தியும் ஓடாமல் பார்த்துக்கொண்டால், படிப்பு முடிந்ததும் இருதயமேரியை விடுதியிலேயே உதவி மேட்ரனாக வைத்துக்கொள்ளச் சொல்லி மதரிடம் பேசுவதாக விடுதிக்காரி சவுரியம்மாள் டீச்சர் சொல்லியிருந்தாள்.

இருதயமேரிக்கு அந்த வேலை வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய ஊர்ச் சேரிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஊர். வாத்தியாரம்மாவாகப் போனாலும், பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப்பிள்ளை ஒவ்வொருத்திக்கும் பழைய பிள்ளை ஒருத்தி அக்கா. அக்கா கிணற்றில் தண்ணீர் இறைத்து, "வா தங்கச்சி" என்று கூப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுப்பாள். புதியவள் குடித்துவிட்டு "சரிக்கா" என்பாள். அதோடு அவள் வீட்டுப்பிள்ளை. அதுவரை விருந்தாளி. விருந்தாளி பந்தியில் உட்காரக்கூடாது, தாழ்வாரத்தில் தனியாகச் சாப்பிடவேண்டும்; துடைப்பத்தைத் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் விருந்தாளியை வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். யார் முதலில் இறைப்பது என்ற சாதிச் சண்டையில் ஒரு வருஷம் குடமெல்லாம் நசுங்கிப்போன பிறகு, சவுரியம்மாள் டீச்சர் உண்டாக்கிய ஏற்பாடு இது. கடைசியாக வந்து சேருகிறவளுக்கு, புதுப்பிள்ளைகளைப் பழக்குகிற தலைவி இருதயமேரியே அக்கா.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. விழுப்புரம் ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்த ராஜாமணி மட்டும், சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஈயம் பூசி எத்தனை வருஷமாகிறது என்று விசாரித்துவிட்டுக் குடித்தாள். இருதயமேரி சிரித்துக்கொண்டே அவளை ஈயப் பாத்திரம் விளக்குகிற குழுவில் போட்டாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வெயில் தாழ்ந்த பிறகு ஸ்டேஷன் ஜட்கா ஒன்று வாசலில் வந்து நின்றது. இருதயமேரி பிள்ளைகள் சூழ வரவேற்கப் போனாள். வண்டியிலிருந்து முதலில் இறங்கினவர் பெரியதம்பி. அவள் ஊர் ஆண்டை. அவள் அப்பன் மாசிலாமணியும் அம்மா குப்பம்மாளும் களை எடுப்பது அவர் நிலத்தில்தான். பின்னால் அவர் மகள் பாஞ்சாலி இறங்கினாள். கல்யாணமான மறு ஆடிக்குள் தாலியை இழந்தவள். விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருக்கும் சித்தப்பன் சொல்லித்தான் படிக்க அனுப்புகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

யோசித்திருந்தால் இருதயமேரி அப்படிச் செய்திருக்கமாட்டாள். யோசிக்க நேரமில்லை. கால் தானாகப் பாதையை விட்டு இறங்கியது. தோளில் கிடந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"கும்புடறேன் ஆண்டே. வாங்கம்மா" என்றாள்.

"மாசிலாமணி மவளா நீ?" என்றார் பெரியதம்பி. "இங்க இன்னா வேல செய்யிறே?"

அவள் பதில் சொல்வதற்குள் சவுரியம்மாள் டீச்சர் வந்து அவரை அழைத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகவும், மகளுக்குச் சரிப்படாவிட்டால் அப்போதே கூட்டிப்போய்விடுவதாகவும் சொல்லிவிட்டு அவர் அதே வண்டியில் திரும்பினார்.

பாஞ்சாலி கிணற்றடிக்கு வந்து நின்றாள். இருதயமேரி இறைத்தாள், சொம்பை நிரப்பினாள். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட வார்த்தை அவள் நாக்கைவிட்டு இறங்கவில்லை. பாஞ்சாலி தவழ்கிற குழந்தையாக இருந்தபோதே அவளை "அம்மா" என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். தண்ணீர் சொம்பிலேயே நின்றது. பாஞ்சாலியும் சற்று நின்று பார்த்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு இருதயமேரி ஒரு புதுவிதமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். "வா" என்றும் சொல்லாமல், "வாங்க" என்றும் சொல்லாமல், தூணைப் பார்த்து, "மணி அடிச்சாச்சு" என்பாள். "கெணறு இப்ப காலியா கெடக்குது" என்பாள். பாஞ்சாலி எழுந்து போவாள். தாழ்வாரத்தில் தனியாகச் சாப்பிடுவாள். பந்தியில் பிள்ளைகள் குசுகுசுத்தார்கள். பெரிய வீட்டுப் பெண், சேரிப்பெண் கையால் எப்படி வாங்கிக் குடிப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். ராஜாமணிக்கு இது அல்வா மாதிரி. இருதயமேரி முறைக்கிற நேரம் பார்த்து, "அக்கா, நீங்க எங்களுக்கு அக்கா. உங்களுக்கு அம்மா தாவாரத்துல குந்திக்கினு கீறாங்க, சோறு போட்டீங்களா?" என்று கேட்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வாரம் தோட்டக் குழுவில் இரண்டு பேர் இருதயமேரி சொன்ன பாத்திக்குத் தண்ணீர் விடவில்லை.

சனிக்கிழமை சவுரியம்மாள் டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாள். பாஞ்சாலி குடிக்கமாட்டேன் என்கிறாளா என்றாள். இருதயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அதை டீச்சர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். இந்தக் குடியானவர் வீட்டுப் பெண்களோடு பெரிய பேஜாராகப் போயிற்று என்றும், நாளை அவள் அப்பா வருவதற்குள் முடியாவிட்டால் ஒரு பிள்ளை குறைந்ததாகத்தான் மதரிடம் சொல்லவேண்டிவரும் என்றும் சொன்னாள். வருத்தமாகத்தான் சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது, பாஞ்சாலி துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். இருதயமேரி கதவோரம் நின்று, பெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"தண்ணி எடுத்து வைக்கிறேன். கைபடாம, சொம்ப கல்லு மேல வச்சிடறேன். எடுத்துக் குடிச்சிட்டா போதும்."

"கல்லு மேல வச்சா நான் எடுக்கமாட்டேன்" என்றாள் பாஞ்சாலி. "எல்லாருக்கும் கையிலதான குடுக்கறாங்க? நீங்களும் கையிலயே குடுங்க."

அந்த "ங்க" இருதயமேரியைத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் வீட்டார் யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

"நான் குடிக்கமாட்டேன்னு ஊரெல்லாம் பேசுது. எங்க கூப்புட்டீங்க? கூப்புட்டாதான வருவேன்? மணி அடிச்சாச்சு, மணி அடிச்சாச்சுன்னு சொல்லிக்கினு இருந்தா, நான் இன்னா மணிக்கா தங்கச்சி?"

இருதயமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஞ்சாலி சிரிக்கவில்லை. வீட்டில் அண்ணிகள் தன் முகத்தில் விழிக்காமல் இருக்கத் தானே விடிகாலையில் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவதையும், அப்பா வந்து கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல, தான் இங்கே விருந்தாளியாக இருந்தால் முடியாது என்பதையும் சொன்னாள். சாமான் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வாய் வரல" என்றாள் இருதயமேரி.

"வரவழைங்க."

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். பிள்ளைகள் விஷயம் தெரிந்து கூடிவிட்டார்கள். இருதயமேரி இறைத்து நிமிர்ந்தபோது, சவுரியம்மாள் டீச்சரோடு பெரியதம்பி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மேல்துண்டும் கைத்தடியுமாக, வரப்பில் நிற்கிற மாதிரியே நின்றார். அவர் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் போகும்போது பாஞ்சாலியும் போய்விடுவாள்.

"வா தங்கச்சி" என்றாள்.

குரல் கரகரத்துப் பெரிதாக வந்தது. கிணற்றுக்குள் ஒருமுறை கேட்டு அடங்கியது. பாஞ்சாலி முன்னால் வந்து, இரண்டு கையாலும் சொம்பை வாங்கினாள். அவள் விரல்கள் இருதயமேரியின் விரல்கள்மேல் பட்டன. பாதியில் நிறுத்தாமல் குடித்தாள்.

"சரிக்கா" என்றாள். பிறகு திரும்பி, "நான் இங்கியே இருக்கறம்பா" என்றாள்.

பெரியதம்பி கைத்தடியை மறுகைக்கு மாற்றினார். மகளைப் பார்த்தார். பள்ளிக்கூடத்து ஓடுகளைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் லீவு எப்போது விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். இருதயமேரி வழியனுப்பப் போகவேண்டியிருந்தது. அதுவும் தலைவி வேலைதான். ஜட்காவில் ஏறி உட்கார்ந்த பிறகே அவர் அவள் பக்கம் பார்த்தார்.

"இந்த வருசம் மல்லாட்டை புடுங்க ஆள் வச்சாச்சு. உங்கப்பனாண்ட சொல்லிடு."

வேர்க்கடலை பிடுங்க இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. ஒருவரும் இப்போதே ஆள் வைக்கமாட்டார்கள் என்று இருதயமேரிக்குத் தெரியும்.

"சொல்றேங்க" என்றாள்.

வண்டி போன பிறகு சவுரியம்மாள் டீச்சர் வந்து அவள் முதுகைத் தட்டினாள். ஒருத்தியும் போகவில்லை, இன்றைக்கே மதரிடம் பேசிவிடுகிறேன் என்றாள். இருதயமேரி தலையாட்டினாள். அப்பனுக்கும் அம்மாவுக்கும் வேலை கொடுக்க, விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டைக்கு ஆள் கேட்கிற வேறு நிலக்காரர்கள் யார் யார் என்று மனசுக்குள் தேடிக்கொண்டே பந்திக்குப் போனாள்.

பாஞ்சாலி வரிசையில் ராஜாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருதயமேரி சோறு போட்டுக்கொண்டு அவளிடம் வந்தபோது, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கப்பாரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. சாப்புடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, இருதயமேரி அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.